சீதைக்குக் கண் திறந்தவன்

அவர் எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார், பஸ் டிக்கெட்டைக்கூட. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் தோல்பாவைக் கூத்து போட வந்தவர். ஒடிசலான ஆள், கட்டைவிரலில் சாயம் ஏறிக் கிடக்கும். திரைக்குப் பின்னால் மாட்டப் பல்பு வாங்க என் எலக்ட்ரிக் கடைக்கு வந்தார். "பாவை கணக்கா லைட்டுக்கு ஒரு தோல் கூடு செஞ்சு தாருமே" என்று கேட்டது நான்தான்.

நாலாம் நாள் கொண்டுவந்தார். ஆட்டுத்தோலில் அசோகவனத்துச் சீதை. நகையெல்லாம் பொடிப்பொடித் துளைகள். கண்ணில் மட்டும் துளை இல்லை.

"கண்ணை மறந்துட்டீரே வே."

"மறக்கல அண்ணாச்சி. அதைத் தொறந்தா பாவைக்கு உசுரு வந்துரும். கூத்துப் பாவைன்னா ஆட்டம் முடிஞ்சதும் பெட்டியில படுக்க வச்சிருவோம். விளக்குல இருந்தா இவ எங்கன போய்ப் படுப்பா?"

நான் சிரித்தேன். கண்ணில்லாததை யார் வாங்குவார்கள்? அவர் போனதும் குத்தூசியால் நானே கண்ணைத் துளைத்து, பல்பைப் போட்டுக் கடை முகப்பில் தொங்கவிட்டேன்.

மறுநாள் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எதையும் வெளிச்சத்தில் பார்க்கிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டார்.

"அணைச்சிருங்க அண்ணாச்சி. எங்கிட்டயே குடுத்துருங்க, பெட்டியில வச்சிருதேன்."

"அது கடைச் சாமான் வே" என்றேன். அவர் குனிந்த தலை நிமிராமல் திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரமே சிவகிரிக்காரர் ஒருவர் அதை வாங்கிப்போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் பல்பைச் சோதித்து அணைக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் அவள் விளக்கை அணைத்திருப்பார்களா என்று கை ஒரு நொடி சுவிட்சிலேயே நிற்கிறது.