ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த இன்குபேட்டர்

உங்க வூட்டு ஃப்ரிட்ஜுக்கு எப்பவாச்சும் லீவு விட்டுருக்கீங்களா? பாவம், வருஷம் பூரா ஓடுது, நாலு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு ஸ்விட்ச அமுத்திட்டு, கதவுல சந்தனம் குங்குமம் வெச்சு?

எங்க லேப்ல விட்டாங்க. ஃப்ரிட்ஜ் இல்ல, அதுக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒன்னு. இன்குபேட்டர். உள்ள எப்பவும் பதினெட்டு டிகிரி, ஏறவும் கூடாது எறங்கவும் கூடாது. அதுக்குள்ளதான் என் எட்டு மாசம் ஒக்காந்திருந்துச்சு.

பெரம்பலூருக்கு வெளிய ஒரு காலேஜ்ல நான் ப்ராஜெக்ட் ஃபெல்லோ. எம்.எஸ்சி. முடிச்ச கையோட சேந்தேன். வூடு செட்டிகுளம் பக்கம், டெய்லி பஸ்ஸுதான். டிஎன்ஏ ஆராய்ச்சின்னு ஊர்ல வாய விட்டது என் தப்பு. ஒரு கல்யாணத்துல தூரத்து அத்தை ஒருத்தங்க என்னையக் கைய புடிச்சு பந்திக்கு அந்தாண்ட இழுத்துட்டுப் போயி, அவங்க மச்சாண்டார் பேரனுக்கு இருக்கற மூக்கு குடும்பத்துல யாருக்கும் இல்ல, கமுக்கமா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாமான்னு கேட்டாங்க. நான் பாக்கறது பாக்டீரியாவோட டிஎன்ஏ அத்தைன்னேன். அதுக்கென்ன, இவனுக்கும் சேத்துப் பாருன்னாங்க. என்னத்த சொல்றது.

உண்மையில நான் பாக்கறது ஒரு வளையம். ஒரு செல்லு ரெண்டா ஆவறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற டிஎன்ஏ முழுசா ஒரு காப்பி எடுத்தாவணும். காப்பி எடுக்கற புரோட்டீன் அந்த நூலப் புடிச்சுட்டு ஓடும். ஓடறப்ப கழண்டு விழாம இருக்க, நூல சுத்தி மோதிரம் மாதிரி இன்னொரு புரோட்டீன் மாட்டியிருக்கும். சரி, மூடுன மோதிரத்துக்குள்ள நூலு எப்படிப் போச்சு? எங்கயோ ஒரு எடத்துல தொறந்துதான் மாட்டியாவணும். எங்க தொறக்குது, எவ்ளோ விரியுது, அவ்ளோதான் கேள்வி. கேக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆவுது. பதிலுக்கு எட்டு மாசமா நாய் படாத பாடு.

ஏன்னா அது மைக்ராஸ்கோப்புல தெரியற சைஸ் கிடையாது. அந்தப் புரோட்டீன மொதல்ல கல்கண்டு மாதிரி கிரிஸ்டலா வளக்கணும். அப்பறம் எக்ஸ்ரே வுட்டு, அது சிதறி வுழுவுற புள்ளிகள வெச்சு உருவத்தக் கண்டுபுடிக்கணும். ஒரு பிளேட்டுல இருபத்துநாலு குழி, குழிக்கு ஒரு சொட்டு. ஒவ்வொன்னுலயும் உப்பு கொஞ்சம் கூட, கொஞ்சம் கம்மி. மூடி போட்டு இன்குபேட்டர்ல வெச்சுட்டு, வாரம் ஒருவாட்டி எட்டிப் பாக்கணும். நான் போட்டது நாப்பது பிளேட்டு. பாதிக்கு மேல தயிரு திரிஞ்ச மாதிரி ஆச்சு. மீதி வெறும் தண்ணி. கடைசியா செப்டம்பர்ல ஒரே ஒரு பிளேட்டுல, மூணாவது வரிசை நாலாவது குழியில, ஊசி ஊசியா கொத்தா கிரிஸ்டல். ப்ராஜெக்ட நடத்தற மேடம்கிட்ட காட்டுனேன். எங்க மேடம் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

அந்தக் கொத்துதான் என் வேலையக் காப்பாத்தற மாதிரி இருந்துச்சு. ப்ராஜெக்ட் பொங்கலோட முடியுது. அதுக்குள்ள உருப்படியா ஒரு டேட்டா காட்டுனாத்தான் நீட்டிப்பாங்க, இல்லன்னா என் போஸ்டு காலி. எங்கப்பா அதுக்கும் ரெடியா இருந்தாரு. அரியலூர்ல ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில கெமிஸ்ட் வேலைக்கு ஏற்கனவே சொல்லி வெச்சுட்டாரு. சுண்ணாம்புக்கல்லப் பொடிச்சு டெஸ்ட் பண்ணணும், ஏசி ரூம், கம்பெனி பஸ்ஸு. பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கறேன், அப்பறம் நீ பொறுத்துக்கணும்னு டீல் பேசிட்டாரு.

எக்ஸ்ரே மெஷின் வடக்க ரொம்ப தூரத்துல ஒரு ஊர்ல இருக்கு. எங்களுக்கு ஒரு நாள் ஸ்லாட் குடுத்திருந்தாங்க, ஆயுத பூஜை லீவு முடிஞ்சு பன்னெண்டாவது நாளு.

பூஜைக்கு மொத நாள் மதியம். எங்க லேப் அட்டெண்டர் அண்ணன் வாளி, துணி, சந்தனக் கிண்ணம்னு மொத்த செட்டப்போட உள்ள வந்தாரு. இருவது வருஷ சர்வீஸு. சென்ட்ரிஃபியூஜ்லேந்து பென்சில் சீவற மெஷின் வரைக்கும் தொடச்சு, பட்டை போட்டு, பொட்டு வெக்காம வுட மாட்டாரு. நான் ரெண்டரை பஸ்ஸ புடிக்கற அவசரத்துல பைய மாட்டிக்கிட்டு இருந்தேன். அவரு ஏதோ கேட்டாரு, நானும் ஏதோ சொன்னேன், கெளம்பிட்டேன்.

பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு. பொரி கடலைய மென்னுக்கிட்டே நாலு நாளும் தூங்குனேன்.

திங்கக்கெழம காலைல உள்ள வரேன், லேபே மணக்குது. இன்குபேட்டர் கதவுல அழகா மூணு வெரல் பட்டை, நடுவுல குங்குமம், கைப்புடியில ஒரு முழம் கதம்பம். டிஸ்ப்ளேல மட்டும் நம்பர் இல்ல. கதவத் தொறந்தா குப்புனு மூஞ்சில அடிக்குது சூடு. உள்ள வெச்சிருந்த தர்மாமீட்டர் முப்பத்திரெண்டு காட்டுது. பிளேட்ட எடுத்துட்டுப் போயி மைக்ராஸ்கோப்புல வெச்சேன். அந்தக் குழியில ஒன்னும் இல்ல. ஒரு ஊசி கூட. அப்படியே கரைஞ்சு தண்ணியா நிக்குது.

நான் நேரா அண்ணன்கிட்ட போனேன். வராந்தாவுல நாலு பேரு பாக்க கத்துனேன். எட்டு மாசம்னேன், எந்த ஊர்ல மெஷினுக்கு லீவு விடுவாங்கன்னேன், என்னைய சிமெண்ட் ஃபேக்டரிக்கு அனுப்பிட்டீங்கன்னேன். இன்னும் என்னென்னமோ. அவரு தொடைப்பத்த செவுத்துல சாச்சு வெச்சுட்டு, நான் முடிக்கற வரைக்கும் நின்னாரு.

"நீதான பாப்பா சொன்ன, பெரிய ஃப்ரீஸர மட்டும் ஆஃப் பண்ணாதீங்கன்னு. நான் கேட்டனே, வேற எதுவும் இருக்கான்னு."

சொல்லியிருக்கேன். அந்த நிமிஷமே ஞாபகம் வந்துருச்சு. ஜிப்பு மாட்டிக்கிட்ட பைய இழுத்துக்கிட்டே, அவரு மூஞ்சியக் கூட பாக்காம, அந்தப் பெருச மட்டும் வுட்டுருங்கண்ணே, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்னு சொன்னேன். ஃபேக்டரியோ லேத்து பட்டறையோ, பூஜை அன்னிக்கு மெஷின ஓட்டக்கூடாதுங்கறது ஊருக்கே தெரியும். எங்கப்பா டிராக்டரயே அன்னிக்கு எடுக்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா என்ன. சாரி கேக்கவும் வாய் வரல. "சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள வந்து ஒக்காந்துட்டேன். கேவலமா இருந்துச்சு.

மேடம் திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. அது இன்னும் கடுப்பு. புரோட்டீன் மிச்சம் இருக்கான்னாங்க, இல்லன்னேன். புதுசா எடுக்க மூணு வாரம் ஆவும், ஸ்லாட்டுக்கு மேடம் கெளம்ப எட்டே நாள்தான். பிளேட்டத் தூக்கிப் போட்றவான்னு கேட்டேன். எடம் அடைக்குதா என்ன, உள்ளயே கெடக்கட்டும்னாங்க. இன்குபேட்டரப் போட்டேன். அது கெழட்டு மெஷின். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி பதினெட்டுக்கு எறங்க ஒன்னரை நாள் எடுத்துக்கிச்சு. அதையும் திட்டுனேன்.

வெள்ளிக்கெழம சும்மா ஒரு வெறுப்புல எட்டிப் பாத்தேன். அதே குழி. கொத்து இல்ல, ஊசி இல்ல. ஒரே ஒரு கிரிஸ்டல், கட்டையா, ஓரமெல்லாம் வெட்டி வெச்ச மாதிரி. சூட்டுல கரைஞ்சது, மெதுவா குளுந்ததும் ஒன்னாச் சேந்து வளந்திருக்கு. அந்த மெஷின் மட்டும் புதுசா இருந்து சட்டுனு குளுந்திருந்தா இது கெடச்சிருக்காது. எட்டு மாசம் டிகிரி பாத்து, உப்பு பாத்து வளத்தப்ப வராதது, ஆஃப் பண்ணிப் போட்டதும் வருது. இத யாருகிட்ட போயி சொல்லி அழறது?

அது புரோட்டீனா, வெறும் உப்பான்னு தெரியாது. ஊசியால குத்துனா தெரிஞ்சுரும், புரோட்டீன்னா பொடிஞ்சுரும்; ஆனா இருக்கறதே ஒன்னு. அத அப்படியே திரவ நைட்ரஜன்ல ஒறைய வெச்சுத்தான் அனுப்பணும். நைட்ரஜன் எங்களுக்கு திருச்சிலேந்து வரும். போன் போட்டா, லீவுல நின்ன ஆர்டரே குமிஞ்சு கெடக்கு, புதன்கெழமதான் வரும்கறான். மேடம் கெளம்பறதே செவ்வாக்கெழம. நான் தலைல கைய வெச்சு ஒக்காந்திருந்தேன். அண்ணன் வந்து எட்டிப் பாத்தாரு. நாலு நாளா ரெண்டு பேரும் பேசல.

"புகை வருமே, அந்தத் தண்ணியா? மாட்டுக்கு சினை ஊசி போடறவரு வெச்சிருப்பாரு பாப்பா. எங்க மாமன்தான்."

சினை ஊசி மருந்து கெடாம இருக்க அவங்களும் அதத்தான் கேன்ல வெச்சிருப்பாங்களாம். பயோ படிச்ச எனக்குத் தெரியல. அண்ணன் டிவிஎஸ்ல பின்னாடி கேன கட்டி, மூடி வழியா புகைய வுட்டுக்கிட்டு மறுநாளே கொண்டாந்தாரு. அப்பத்தான் சாரி கேட்டேன். ரொம்பவெல்லாம் இல்ல, "அன்னிக்கு கத்திட்டேண்ணே, சாரி"ன்னு. சரி சரி, மூடிய இறுக்கிடாத, வெடிச்சுரும்னாரு.

மேடம் கிரிஸ்டலோட போனாங்க. ஸ்லாட் அன்னிக்கு மத்தியானம் போன்ல ஒரு படம் வந்துச்சு. கருப்புப் புள்ளி, கிட்ட கிட்ட, படம் பூரா. உப்பா இருந்தா புள்ளி அங்கொன்னு இங்கொன்னு தூரமா வுழும். இது புரோட்டீன். கேன்டீன்ல தோசைய அப்படியே வெச்சுட்டு ஓடிப்போயி மொதல்ல அண்ணன்கிட்டதான் காட்டுனேன். அவரு போனத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கொசு வலை மாதிரி இருக்குன்னாரு.

இதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். முடியல. வளையம் தெரியுது, தொறக்கற எடம் மட்டும் மங்கலா இருக்கு. ரிப்போர்ட்டப் பாத்தவங்க ஆறு மாசம் நீட்டிச்சாங்க, ஒரு கண்டிஷனோட: இதே மாதிரி இன்னொரு கிரிஸ்டல் வளத்துக் காட்டணும், எப்படி வளந்துச்சுன்னு அச்சு பிசகாம எழுதணும். அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஃபேக்டரிக்காரங்கள ஆடி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிருக்காராம்.

அதனால புதுசா புரோட்டீன் எடுத்து, ஆறு பிளேட்டு போட்டு, பதினெட்டுல வெச்சு, ஊசி வர்ற வரைக்கும் காத்திருந்தேன். ரெண்டு பிளேட்டுல வந்துச்சு. நேத்து அண்ணனக் கூப்ட்டேன். அவரு ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி கேட்டாரு, நெசமாவான்னு. நெசமாத்தான்னேன்.

இப்ப இன்குபேட்டர் ஆஃப்ல இருக்கு. உள்ள முப்பத்தொன்னு டிகிரி.