புல்வெளியைத் தாண்டாத ஜெசிந்தா அக்கா

சாவுச் செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு பழைய கணினியைத் திறந்து வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தேன். அழைத்தது ஜெசிந்தா அக்காவின் தங்கை மேரி. "தம்பி, அக்கா விடிய மோசம் போட்டா" என்றார். ஒரு வருடமாகச் சிறுநீரக வருத்தம் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். "ஓம் அக்கா, வாறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கணினிக்குள் ஊதிக்கொண்டே இருந்தேன். ஊதுவதற்குத் தூசி எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அவரோடு மிதிவெடி அகற்றும் வேலையில் நின்ற உங்களுக்கு, அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்கு அவரை முகக்கவசத்தோடு தெரியும். நான் அவரை அறிந்தது கணினித் திரைக்கு முன்னால். உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு வீடியோ கேமை மூன்று ஞாயிற்றுக்கிழமை விளையாடிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பிடிக்கேல்லை" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். உங்கள் நினைவு மலருக்கு அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். அதில் நான் நல்லவனாகத் தெரியமாட்டேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது கணினி பழுது பார்க்கப் பழகியிருந்தேன். போர் முடிந்து மன்னாருக்கு மீள்குடியேறி வந்ததும் அடம்பன் சந்தையடியில் தகரக் கூரை போட்டு ஒரு கடை திறந்தேன். நாலு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின். பகலில் படிவம் நிரப்ப வருவார்கள். பின்னேரத்தில் கேம் விளையாட வருவார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல கேம் ஒன்றை யாராவது பிடிக்கவில்லை என்றால் என்னால் தாங்க முடியாது. ஏன், எந்த இடத்தில், என்ன குறை என்று குடைந்துகொண்டே இருப்பேன். கடைசியில் அதற்கென்றே ஒரு கொப்பி போட்டேன். முகப்பில் 'ஏன் பிடிக்கவில்லை?' என்று எழுதி வைத்தேன்.

அந்தக் கொப்பியில் கிடைத்த பதில்கள் எந்த விமர்சகரும் எழுதாதவை. கட்டை அடுக்கி வீடு கட்டும் கேம் ஒன்று, உலகம் முழுக்கப் பெயர் போனது. என்னைப் போலவே முகாமிலிருந்து வந்த ஒருவர் பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டார். "வீட்டுத்திட்டத்து வீட்டுக்கு இன்னும் கூரை ஏறேல்லை. இஞ்சை வந்தும் கல் அடுக்குறதோ?" என்றார். மறிச்சுக்கட்டியிலிருந்து கருவாட்டு வியாபாரத்துக்கு வரும் முஸ்லிம் நானா ஒருவர், கப்பலோட்டும் கேம் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சோளகக் காத்து அடிக்கிற நேரத்தில வாடைக் காத்து அடிக்குது. இவன் கடலைக் கண்டிருக்கமாட்டான்" என்று சொல்லித் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பிழை கேமிலா, விளையாடுபவரிலா என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வேன்.

ஜெசிந்தா அக்கா முதலில் வந்தது அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க. ஞாயிற்றுப் பூசை முடிந்து நேரே வந்திருந்தார். உள்ளே விளையாடியவர்கள் போட்ட கூச்சலை எட்டிப் பார்த்து, "என்ன, பேய் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். எனக்கு இது போதாதா? கதிரையை இழுத்துப் போட்டு, என்னிடமிருந்த மிகச் சிறந்த கேமை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். பெரிய ஒரு நாடு. குதிரை ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். மலையேறலாம், ஆற்றில் நீந்தலாம், கேட்க ஆளில்லை. ஆட்டம் ஒரு புல்வெளியில் தொடங்கும். எல்லோரும் ஒரு நிமிடத்தில் அதைத் தாண்டி ஓடிவிடுவார்கள்.

அக்கா தாண்டவில்லை. இடது ஓரத்தில் தொடங்கி நேராக மறு ஓரம் வரை நடந்தார். ஓர் எட்டு விலகித் திரும்பி நடந்தார். மறுபடி ஓர் எட்டு. வயல் உழுவதுபோல அந்தப் புல்வெளி முழுவதையும் நடந்தார். அன்று முடியவில்லை. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அந்தக் கேமை இரண்டு தரம் முடித்த எனக்கே தெரியாத ஓர் இரும்புப் பெட்டியைக் கல்லுக்கடியில் கண்டுபிடித்தார். அதையும் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்.

"அக்கா, அந்த மலையடிக்குப் போங்கோ. அங்கைதான் கதை இருக்கு" என்றேன்.

"இஞ்சை இன்னும் முடியேல்லையே" என்றார்.

மூன்றாம் ஞாயிறு எழும்பும்போதுதான் பிடிக்கவில்லை என்று சொன்னார். ஏனென்று கேட்டேன். "தெரியேல்லை தம்பி, கை உளையுது" என்றார். நான் கொப்பியில் 'போரின் பயம்' என்று எழுதி வைத்தேன். மிதிவெடிக்குள் வேலை செய்பவருக்கு வேறு என்ன காரணம் இருக்கப்போகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அன்று என் மனதில் வேறொன்றும் புகுந்துகொண்டது. எங்கள் இரண்டு ஏக்கர் வயல் அப்போது சிவப்புத் தடிகளுக்கும் மண்டையோட்டுப் பலகைக்கும் உள்ளே கிடந்தது. அந்தப் பக்கத்தில் மிதிவெடி எடுத்துத் துப்புரவு செய்துகொண்டு வந்தது அக்காவின் அணிதான். மழைக்காலத்துக் காலபோக நெல் விதைப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அம்மா தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, விதைநெல்லுக்கு யாரைக் கேட்பது என்று தினமும் கதைப்பார். ஒரு விளையாட்டுப் புல்வெளிக்கே மூன்று கிழமை எடுக்கிற மனுசி எங்கள் வயலை எப்போது முடிப்பார்? சிரித்துக்கொண்டே அவரை வழியனுப்பிவிட்டு, விதைப்புக்கு மிச்சமுள்ள நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த நாள் காலையில் வயலுக்குப் போனேன். பக்கத்துக் காணிக்காரரின் மாடுகள் உள்ளே ஆறுதலாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. ஈர மண்ணில் மாட்டுக் குளம்படி நன்றாகப் பதிந்திருந்தது. மாடு மிதித்த இடத்திலேயே மிதித்துப் போனால் என்ன? கிணற்றடி வரை போய்வந்து, வயலில் ஒன்றுமில்லை என்று அணியிடம் சொல்லிவிடலாம். தடியைத் தாண்டினேன். குளம்படி மேல் அடி வைத்து முப்பது தப்படி போயிருப்பேன். புல் அடர்ந்தது. குளம்படியைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் வந்த அடியும் தெரியவில்லை. அப்போது விசில் சத்தம் கேட்டது.

"தம்பி, நில்லுங்கோ! காலைத் தூக்க வேண்டாம்!"

பக்கத்து வயலில் வேலையை நிறுத்திவிட்டு வரம்பில் அக்கா நின்றார். நான் மாட்டடியைப் பற்றிக் கத்தினேன். "மாடு எங்கை கால் வைச்சதெண்டு மாட்டுக்கே தெரியாது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ" என்றார்.

அவர் தன் அணியிலிருந்து யாரையும் அனுப்பவில்லை. தானே முழங்காலில் இருந்து, ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதை வெட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். டிடெக்டரை இடமிருந்து வலம் ஆட்டுவார், சத்தம் வந்தால் கரண்டியால் மண்ணை வருடுவார், ஓர் ஆணி வரும், துப்பாக்கிச் சன்னத்தின் வெற்றுக் கோது வரும், அதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குவார். வெயில் ஏறியது. கால் மரத்துவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம் அக்கா?" என்று அழுகுரலில் கேட்டேன்.

"நிக்கிறதுதான் இப்ப உங்கட வேலை. அதை ஒழுங்காச் செய்யுங்கோ."

என் இடது காலுக்கு ஒரு சாண் முன்னால் அவர் கை நின்றது. மிதிவெடிக்குரிய சிவப்பு அடையாளத்தை அங்கே நட்டார். பக்கத்தால் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். அடுத்த அடியை நான் அங்கேதான் வைத்திருப்பேன்.

ரோட்டுக்கு வந்ததும் தண்ணீர் தந்தார். குடித்து முடித்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். ஏன் போனீங்கள் என்று கேட்டார், ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கிப்போனது. "விளையாட்டிலை என்ரை கையைப் பார்த்தோ என்ரை வேலையை அளந்தனீங்கள்?" என்றார். அந்த அறையைவிட இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை. வயல் வேலை முடியாமல் அந்தக் காலபோகம் எங்களுக்குத் தவறியது. தடியைத் தாண்டிப் போனதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவராகவே அறிந்துகொண்டு இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தார்.

வெட்கத்தை விட்டு அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர் கடை வாசலில் வந்து நின்றார். "அந்தப் புல்வெளி வேண்டாம். வேறை என்ன வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். யாரும் தொடாமல் கிடந்த மட்டமான கார் ஓட்டம் ஒன்றைப் போட்டேன். அக்கா மதிலில் இடித்தார், மரத்தில் இடித்தார், பாலத்தால் ஆற்றுக்குள் விழுந்தார். கடையே திரும்பிப் பார்க்கும்படி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப சொல்லுங்கோ அக்கா, மற்றது ஏன் பிடிக்கேல்லை? பயமோ?"

"பயமோ? எனக்கோ?" என்று கையை உதறினார். "கிழமையிலை ஆறு நாள் புல்லுக்குள்ளை தேடுறன். ஞாயிற்றுக்கிழமையும் புல்லைக் காட்டினா அது விளையாட்டோ, ஓவர்டைமோ? புல்லைக் கண்டா என்ரை கை தானாத் தேடத் தொடங்கிவிடும் தம்பி, நிப்பாட்ட ஏலாது. இதிலை ஒண்டையும் பார்க்கத் தேவையில்லை. அதுதான் சுகம்."

கொப்பியில் எழுதியிருந்த தீர்ப்பை வெட்டிவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கேமிலும் பிழையில்லை, அக்காவிலும் பிழையில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராத என்னில்தான் பிழை.

அடுத்த வருடம் எங்கள் வயலைக் கையளித்தார்கள். எடுத்த மிதிவெடிகள் ஏழு. பத்திரத்தில் கையெழுத்து வைத்த பிறகும் அம்மா வரம்பை விட்டு இறங்க மறுத்தார். அப்படிப் பயப்படுபவர்களுக்காக, துப்புரவு செய்தவர்களே முதலில் காணிக்குள் நடந்து காட்டுவது வழக்கம். ஜெசிந்தா அக்கா நடக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு கிணற்றடி வரை ஓடினார், அங்கே நின்று இரண்டு காலாலும் துள்ளினார். "வாங்கோ அம்மா, உங்கட காணி!" என்று கூப்பிட்டார். அம்மா அழுதுகொண்டே இறங்கினார். நானும் இறங்கினேன். அந்தக் காலபோகம் விதைத்தோம்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு. 'ஏன்?' என்று கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் ஒன்று. அதில் இன்னும் எனக்கு முழுத் தேர்ச்சி இல்லை. மற்றது, அவர் எனக்கு மிச்சம் வைத்த என் இடது கால். அடக்கத்தன்று கோயிலிலிருந்து சேமக்காலைக் கல்லறைக்கு வெயிலுக்குள் நல்ல தூரம். ஓட்டோவில் ஏறச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பெட்டிக்குப் பின்னால் கடைசி வரை நடந்தே போனேன், இரண்டு காலாலும்.