தறி ஓட்டும் கை

அண்ணன் என்றாலே எனக்கு முகத்துக்கு முன்னால் கைதான் நினைவுக்கு வரும். விரல் முட்டிகளின் மேல் புளியங்கொட்டை அளவுக்கு மஞ்சளோடிய முடிச்சுகள். அப்பாவை நைனா என்போம்; அவருக்கும் அதே கை. நகரியில் விசைத்தறி ஓட்டும் எங்கள் குடும்பத்தில் அதைத் தறி தந்த காய்ப்பு என்றே எல்லோரும் நம்பினோம். முடிச்சு வந்தபிறகுதான் அண்ணனை முழு நெசவாளி என்று சித்தப்பாக்களே ஒப்புக்கொண்டார்கள். அவனும் சும்மா இருப்பானா? கல்யாண வீட்டில்கூட அந்தக் கையை நீட்டி நீட்டித்தான் பேசுவான்.

திருப்பதியில் எனக்கு மகள் பிறந்தபோது, பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பால்குடிக்கு என்ன கொழுப்பு என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். செய்தி நகரிக்குப் போனதுதான் தாமதம், அண்ணன் தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டான். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தானே உட்காரும். அதற்கு முன்னால் ஒரு ஊசி, அதுவும் அவன் இல்லாமலா?

"ஊசின்னா என் மடிலதான் குத்தணும்" என்று சட்டமாகச் சொல்லிவிட்டான். நர்ஸுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது, சிரிப்பு முழுதாக வந்தது. அவன் பிஞ்சுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற டாக்டரம்மா அவன் கையையே பார்த்தார். இது எவ்வளவு நாளாக என்று தெலுங்கில் கேட்டார்.

"தறி ஓட்டிக்கினு இருக்கற கைம்மா இது. எங்க நைனாவுக்கும் இப்டியேதான் இருந்திச்சி" என்றான் அண்ணன், பெருமையாக.

நைனா இருக்கிறாரா என்று கேட்டார். நாற்பதைக்கூடப் பார்க்காமல், தறிமேல் சாய்ந்து மாரடைப்பில் போனவர் நைனா. சொல்லும்போதே அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. நாற்பது வர அண்ணனுக்கு ஒரு வருடம்தான் பாக்கி. விரல் முட்டியில் இருப்பது காய்ப்பு இல்லை, கொழுப்பு என்றார் டாக்டரம்மா. அதே கொழுப்பு இதயக் குழாயிலும் படிந்துகொண்டிருக்கலாம் என்றும் சொன்னார். அன்றே எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

குழந்தையோடு சேர்த்து மூவருக்கும் அந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருந்தது. மகளுக்கு இப்போதைக்குச் சாப்பாட்டில் கவனம் போதும், அண்ணனுக்கு உடனே தினமும் மாத்திரை, எனக்கு அவள் பால் மறந்தபிறகு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் போட்டி வறுவலைப் பிரிந்த துக்கத்தில் அண்ணன் ரொம்ப நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

போன தையில் மகளுக்குக் காது குத்தினோம். மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். அவளைப் பிடித்திருந்த கையில் முடிச்சுகள் கொஞ்சம் வற்றியிருந்தன.

"இதப் பாத்தா எவன் என்னிய நெசவாளின்னு நம்புவான்?" என்று அலுத்துக்கொண்டான்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நைனாவின் கை எட்டாத நாற்பதை அது எட்டிவிட்டிருந்தது.