பூக்கிள்ளி ஆரியின் பன்னிரண்டரை வருஷம்

முப்பத்தேழு வருஷம் பூவின் தலையைக் கிள்ளியே காலம் தள்ளியவன் ஆரி. எங்கள் ஊர் ஹில்லகோமில் விற்பது பூச்செடியின் கிழங்குதான், பூ அல்ல. பூவைச் செடியில் விட்டுவைத்தால் கிழங்கின் சத்தை அது தின்றுவிடும். அதனால் டியூலிப் மலர்ந்த நாலைந்து நாளில், நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையை எடுத்துவிடுவார்கள். இந்த இரண்டு வேலையிலும் ஆரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதழில் நோயின் அடையாளமான வெள்ளைக் கோடு நூலளவு ஓடினாலும் ஓடுகிற சைக்கிளில் இருந்தே கண்டுபிடித்துவிடுவான். இறங்கிப் போய்ச் செடியைக் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.

அறுபத்தைந்து வயதில் அவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவன் கைக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

ரவுண்டானாவில் நகராட்சி வைத்த பூக்கள் போயின. எதிர்வீட்டு ஜன்னலோரத் தொட்டி போயிற்று. சொந்தச் சித்தியின் சவ அடக்கத்தில், பாதிரியார் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் மலர்வளையத்தில் ஏழு டியூலிப்புகளுக்குத் தலை இல்லை. ஆரியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பச்சையாக இருந்தன. அவன் முகத்தில் பக்தி வழிந்தது.

இவனோடு குடும்பம் நடத்தியவள் ட்ரூஸ். கிழங்கு உரிக்கும் கொட்டகையில் இருபது வருஷம் உழைத்தவள். இவர்கள் கல்யாணம்கூட நவம்பரில், வயலில் கடைசிக் கிழங்கை நட்டு முடித்த மறுநாள்தான் நடந்தது. அதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு நேரமில்லை. கல்யாணத்தில் ஒரு பூ கிடையாது. அடுத்த மே பதினைந்தோடு பன்னிரண்டரை வருஷம் முடிய இருந்தது. வெள்ளிவிழாவில் பாதி என்பதால் அதை எங்கள் ஊரில் யாரும் கொண்டாடாமல் விடுவதில்லை.

"அன்னைக்கு நம்ம தோட்டத்துல பூ இருக்கணும், ஆரி. செடியில இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள் ட்ரூஸ்.

"இருக்கும். நான் தொடமாட்டேன்."

"நீ தொடமாட்டே. உன் கை தொடும்."

அக்டோபரில் அவள் ஒரு பெரிய தகரத் தொட்டியை வாங்கி வந்து அடுக்கடுக்காக நட்டாள். அடியில் கடைசியாகப் பூக்கும் சிவப்பு டியூலிப் ஒன்பது. அதற்கு மேல் மண் போட்டு ஹயசிந்தும் டாஃபடிலும். அதற்கும் மேலே குரோக்கஸ். ஒன்று முடிய ஒன்று என்று மார்ச்சிலிருந்து மே வரை பூக்கும். மற்றவர்கள் அழகுக்காக இப்படி நடுவார்கள். ட்ரூஸ் நட்டது புருஷனுக்குப் பயந்து. ஓர் அடுக்கை அவன் மொட்டையடித்தாலும் அடுத்தது மண்ணுக்குள் பத்திரமாக இருக்குமே.

குரோக்கஸை எந்த வயலிலும் கிள்ளுவதில்லை. அதனால் மார்ச் நிம்மதியாகக் கழிந்தது. ஏப்ரலில் ஹயசிந்த் மலர்ந்தது. ஆரி தோட்டத்தில் நின்று தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்தபோது மூக்கில் வாசனை ஏறியது. குனிந்து பார்த்தால் பதினொரு ஹயசிந்தும் அடியிலிருந்து நுனிவரை உருவப்பட்டுக் கிடந்தன.

ட்ரூஸ் சத்தம் போடவில்லை. அடுப்பங்கரையில் சூடான தட்டைப் பிடிக்கும் தடித்த கையுறைகளைக் கொண்டுவந்து அவன் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் கயிறு கட்டினாள். மறுநாள் டாஃபடில் ஒன்றுக்குத் தலையைக் காணோம். கயிறு கட்டியபடியே இருந்தது.

"ஆரி, வாயைத் திற."

திறந்தான். நாக்கெல்லாம் மஞ்சள்.

டாஃபடில் வயிற்றுக்கு ஆகாது. மூன்று நாள் பட்டபாட்டில் அவனுக்கே தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு ஆசை கேட்டாள், அதைக்கூடச் செய்யத் துப்பில்லையே என்று உண்மையாகவே அழுதான். சிவப்பு டியூலிப் மொட்டு விட்டதும் தானாகவே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இரண்டு வாரம் செங்கல்லைப் பார்த்தே காப்பி குடித்தான். ஒன்பதும் பிழைத்தன.

மே பதினைந்து வந்தது. தோட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார்கள். ஆரியிடம் கையுறையைக் குலுக்கினார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. ட்ரூஸ் கண்ணுக்கு மையிட்டிருந்தாள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. விருந்தாளிகள் அத்தனை பேரும் ஆரியோடு வேலை பார்த்தவர்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போகிற வழியில் டக். இன்னொருவர் கோட்டைக் கழற்றி மாட்டப் போகிற சாக்கில் டக். ட்ரூஸின் சொந்தத் தங்கை ரியா, "எவ்வளவு அழகா வளர்த்திருக்கே!" என்று சொல்லிக்கொண்டே டக். கேக் வெட்டக் கத்தியோடு வந்த ட்ரூஸ் தொட்டியைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வயலின் சொந்தக்காரரும் ஆரியின் பழைய முதலாளியுமான தெய்ஸ் எழுந்து நின்றார்.

"அதுல கோடு ஓடுது."

வட்டம் முழுவதும் எழுந்தது. சிவப்பு இதழில் வெள்ளையாக ஒரு கோடு, பன்னிரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது. தெய்ஸ் காரிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தார். நல்ல உடையில் இருந்தாலும் அது அவர் காரில் இருக்கும்.

"அசுவினிப் பூச்சி ஒண்ணு இந்த நோயை எடுத்துக்கிட்டு என் வயலுக்கு வந்தா போதும், எல்லாம் போச்சு. விலகுடா ஆரி."

ஆரி தொட்டிக்கு முன்னால் நின்றான். அவனுக்கு அது காலையிலேயே தெரியும். கை அரித்தது, பல்லும் அரித்தது. அவன் ட்ரூஸைப் பார்த்தான். அவள் கத்தியைப் பிடித்தபடி நின்றாள்.

"அது நோய் இல்ல, முதலாளி."

"என்னடா சொல்றே?"

"அந்த ரகமே அப்படித்தான். நான் பார்த்துட்டேன்."

முப்பத்தேழு வருஷத்தில் ஆரியின் கண் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தெய்ஸ் அவனையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் கண்ணு போயிடுச்சுடா."

"ஆமா முதலாளி. போயிடுச்சு" என்றான் ஆரி.

ட்ரூஸ் கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். கன்னத்தில் மை வழிவதை அவள் துடைக்கவில்லை. கடைசி ஆள் வாழ்த்திவிட்டுப் போகும்வரை பூ நின்றது. மறுநாள் விடிந்ததும் ஆரி அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்தான். அவளே பையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஏப்ரலில் யாரும் அவனை வயலில் நோய் பார்க்கக் கூப்பிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். வழியில் பார்த்தால் "கண்ணு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். "மங்கல்தான்" என்றான். ஒரு நாள் ட்ரூஸோடு சைக்கிளில் போகும்போது தெய்ஸின் வயலில் நாலாவது வரிசையில் ஒன்று, ஏழாவதில் இரண்டு என்று கோடு ஓடிய பூக்கள் பளிச்சென்று தெரிந்தன. தெய்ஸ் வரப்பில் நின்று கை காட்டினார். அவனுக்கு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால், போன மே மாதம் கண் போய்விட்டதாகச் சொன்னது பொய்யாகிவிடும். ஆரி எதிரே நின்ற காற்றாலையை முறைத்துப் பார்த்துக்கொண்டு வேகமாக மிதித்தான்.