ஐயா வந்து உட்காராத வீடு

என் வீட்டுக்காரர் போதகர். ஊழியத்தின் கடைசி ஒன்பது வருடத்தைத் திருப்பூரில்தான் கழித்தார், வீரபாண்டிப் பக்கம் ஒரு சிறிய சபையில். ஆலயத்துக்கு ஒரு பக்கம் சாயப்பட்டறை, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போதும் பக்கத்துக் கட்டடத்து மிஷின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். பீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். தோளில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மேய்ப்பர். சபையார் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள், இரண்டுக்கும் நல்ல பொருத்தம் என்று பூரித்துப்போவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த மேய்ப்பருக்காகச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் குன்னத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் அப்பாவுக்கு நாற்பது ஐம்பது செம்மறிகள் இருந்தன. ஆனால் அப்பா ஒரு நாளும் ஆடு மேய்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மேய்ச்சல் காட்டைச் சுற்றி முள்வேலி இருக்கும். காலையில் ஆட்டை உள்ளே விட்டு வழியை அடைத்துவிட்டால் அதுபாட்டுக்கு மேயும். சாயங்காலம் போய் எண்ணிப் பார்த்து ஓட்டிவந்தால் வேலை முடிந்தது. என் வீட்டுக்காரரோ திருநெல்வேலிக்காரர். அங்கே ஆட்டுக்காரர்கள் மந்தையோடு ஊர் ஊராக நடப்பார்களாம். கல்யாணமான புதிதில் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்.

"உங்க ஊர்ல வேலியப் போட்டுட்டு வீட்ல போய்ப் படுத்துக்கிடுவிய. எங்க ஊர்ல ஆட்டுக்காரன் செருப்பு தேய நடப்பான்."

"அதுதான் உங்க ஊர் ஆடெல்லாம் எலும்புந்தோலுமா இருக்குதுங்க" என்பேன் நான்.

திருப்பூருக்கு வந்த முதல் வருடம், நல்ல மேய்ப்பர் ஞாயிறு வந்தது. பிரசங்கத்தின் நடுவே ஒரு கேள்வியைப் போட்டார். "மேய்ப்பன் இல்லாட்டா ஆடு என்ன ஆகும்?" பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. கொஞ்சம் நிறுத்தி, அவரே உருக்கமாகப் பதில் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். அவரும் எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பம்.

"ஒண்ணும் ஆகாதுங்க ஐயா. வேலி நல்லா இருந்தாப் போதுமுங்க."

சபை முழுக்கச் சிரித்தது. ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அது நியாயமான பதிலாகவே பட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். அவருக்கு அன்று பிரசங்கம் கைவிட்டுப் போய்விட்டது. மத்தியானம் சாப்பிடும்போதும் என்னோடு பேசவில்லை. நான்தான் அந்தப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று சந்தேகம்!

ஆனாலும் அவர் நடப்பதை விடவில்லை. ஆராதனையில் ஆசீர்வாதம் கூறும்போது எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் கண்ணைத் திறந்து யார் யார் வரவில்லை என்று பார்த்துக்கொள்வார். வராதவர் பெயர் சாயங்காலமே டைரியில் ஏறிவிடும். செவ்வாய் முதல் சனி வரை வீடு சந்திப்பு. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களை வீட்டில் பிடிக்க முடியாது, அதனால் பதினொரு மணி டீ நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் போய் நிற்பார். டீ கிளாஸும் கையுமாக வெளியே வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி, நின்றபடியே ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு வருவார். சிலருக்கு அது வெட்கமாகக்கூட இருந்தது. அவருக்கு வெட்கம் கிடையாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சபைப் பெண்கள் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஊரான் புள்ளைய ஊட்டி வளர்த்தாத் தன் புள்ள தானா வளருமுங்கம்மா" என்பார்கள். எந்தப் பிள்ளை என்று கேட்க வாய்வரை வரும். கேட்டால் போதகர் மனைவிக்கு நாக்கு நீளம் என்று பெயராகிவிடும். அதனால் சிரித்துக்கொண்டே காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான். யார் யார் வீட்டிலோ உட்கார்ந்து, யார் யாருடைய முட்டி வலியையோ, மருமகள் சண்டையையோ அத்தனை பொறுமையாகக் கேட்கிற மனிதர், என் பக்கத்தில் வந்து உட்காரும்போது செய்தித்தாளை விரித்துக்கொள்வார். நான் ஒன்று சொன்னால் "ம்" என்பார். எனக்கும் முட்டி வலித்தது. எனக்கும் ராத்திரியில் அழுகை வந்தது. என்னம்மா ஆச்சு என்று, மற்றவர்களைக் கேட்கும் அந்தக் குரலில், என்னை அவர் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். இதை யாரிடம் சொல்வது? கஷ்டம் என்றால் போதகரிடம் சொல் என்பார்கள். அந்தப் போதகர்தான் என் கஷ்டம்.

கடைசி வருடம் ஒரு சனிக்கிழமை, மேஜைமேல் டைரி திறந்து கிடந்தது. அடுத்த வாரத்துச் சந்திப்புகளை எழுதிவைத்திருந்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரே இடம் காலியாக இருந்தது. என்ன தைரியமோ, பேனாவை எடுத்து "குருமனை" என்று எழுதிவிட்டேன். குருமனை என்றால் நாங்கள் குடியிருந்த வீடு, சபை போதகருக்குக் கொடுக்கும் வீடு. எழுதின பிறகு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாளாக அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பார்க்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வெளியே போனார். சரியாக நாலு மணிக்கு முன்வாசலில் மணி அடித்தது. அவர் எப்போதும் சமையல்கட்டுப் பக்கக் கதவு வழியாகத்தான் வருவார், போவார். கதவைத் திறந்தால் வெள்ளை அங்கியும், கக்கத்தில் வேதப் புத்தகமுமாக நிற்கிறார்.

"தோத்திரம்மா. உள்ள வரலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வாங்கய்யா" என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விருந்தாளிகள் உட்காரும் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். விருந்தாளிகளுக்கான எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, மற்றவர்களைக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கிய? எதுக்காக ஜெபிக்கணும், சொல்லுங்க."

இத்தனை வருடம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் அன்று காலையில் இருந்து மனதுக்குள் வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன். ஆனால் கேட்டவுடன் எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்துவிட்டது. நானாக டைரியில் எழுதி வரவழைத்த சந்திப்புதானே, இதில் என்ன பெருமை என்று தோன்றிவிட்டது. சபையில் இருக்கிற அத்தனை பேரும் அவரிடம் சொல்லும் அதே பொய்யை நானும் சொன்னேன்.

"கர்த்தர் கிருபையில நல்லா இருக்கறனுங்க ஐயா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி ஜெபித்தார். சின்ன ஜெபம்தான். ஆமென் சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கையை மடியில் போட்டு, கண்ணைத் திறக்காமலே இருந்தார். நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார், நானும் திறக்கப் போவதில்லை என்று எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை.

"மணியாச்சுங்க ஐயா. அடுத்த ஊட்டுக்குப் போகோணுமில்லீங்களா?" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி ஒரு கணம் விழித்தார். "ஆமா, போகணும்" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ராத்திரி பக்கக் கதவு வழியாக வந்தார். நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பிறகு பேசவே இல்லை. அடுத்த வாரமும் வருவாரா என்று டைரியில் வியாழக்கிழமைக்கு நேரே எட்டிப் பார்த்தேன். வேறொரு வீட்டின் பெயர் இருந்தது.

எட்டு மாதம் கழித்து மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. முன்னால் ஏதாவது தெரிந்ததா, நெஞ்சு வலி ஏதும் சொன்னாரா என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

புதுப் போதகர் வந்தார், குருமனையைக் காலி செய்தேன். வீரபாண்டியிலேயே, கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் குடிவந்தேன். அப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அவர் போய் உட்கார்ந்த வீடுகளுக்கெல்லாம் நானும் போக ஆரம்பித்தேன். போதகரம்மா ஆறுதல் தேடி வருகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆறுதல் இல்லை. எனக்குக் கிடைக்காத நேரமெல்லாம் அந்த வீடுகளில் இருந்தது, அதில் மிச்சம் மீதி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஒரு வீட்டில் அவர் கம்மஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவாராம். என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் ஜார்க்கண்ட் பெண்களிடம் அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியத்தைச் சொல்வாராம். "கானா காயா?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவர்கள் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்து, சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும் அழுதேன். எனக்கு அவர்கள்மேல் கோபமும் வந்தது.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு, கம்பெனியில் இருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுப்பவள். முன்னறை முழுக்கக் குழந்தைகள் சட்டை மலைபோலக் கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் மட்டும் துணி எதுவும் இல்லை.

"ஐயா நாற்காலிங்கம்மா அது" என்றாள்.

வந்து ஜெபம் செய்துவிட்டு அதில் உட்காருவாராம். "ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிடுதேன் தாயி" என்பாராம். அப்படியே தூங்கிப்போவாராம்.

"அரை மணி நேரம் தூங்குவாருங்க. கொறட்டைகூட உடுவாருங்க. நான் மிஷினை நிறுத்திப்போட்டு அக்கம்பக்கம் யாரையும் பேச உடமாட்டனுங்க. அவசர டெலிவரியா இருந்தாலுஞ் செரிதானுங்க."

எப்போதிருந்து என்று கேட்டேன். கடைசி ஒரு வருடமாக, வாரம் தவறாமல் என்றாள். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"ஊட்டுல போய்ப் படுக்கக்கூடாதுங்களா ஐயான்னு ஒருக்கா நானே கேட்டுப்போட்டனுங்க. பகல்ல வீட்ல படுத்தா அவ பயந்துருவா தாயின்னாருங்க. நெஞ்சு வலிக்குதான்னு கேப்பா, அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுன்னாருங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாருங்கம்மா."

நான் பயந்தால் என்ன? அவருக்காகப் பயப்படத்தானே நான் இருந்தேன். எனக்கு வேறு என்ன வேலை இருந்தது அந்த வீட்டில்? நாற்பது ஆட்டைக் கண்ணாலேயே எண்ணிப் பழகின வீட்டில் பிறந்தவள், என் எதிரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடின ஒருவரைப் பார்த்து, இவருக்கு முடியவில்லை என்று கண்டுபிடிக்காமல் போய்விட்டேன். அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லி எழுப்பியும் விட்டேன். அவரும் போய்விட்டார்.

அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டு, துணிக் குவியலை ஒதுக்கி நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் போய், சும்மா இரைந்துகொண்டிருந்த மிஷினை நிறுத்தினாள். அரை மணி நேரம் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.