அடைப்புக்குறிக்குள் இருந்த மழை

திருநகரில் ஒரு மன்றத்தில் ஞாயிறுதோறும் சதுரங்கம் ஆடுவோம். ஆட்டம் முடிந்ததும், நகர்த்தல்களை எழுதிய தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு டீக்குப் போவோம். என் நண்பன் மட்டும் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்குவான். வில்லாபுரத்து வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் ஆட்டமாகத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி தன் இணையதளத்தில் வைப்பான். நகர்த்தல்களுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள், அவனுடைய குறிப்புகள். ‘இங்கே எதிராளி வெற்றிலை போட எழுந்து போனார், திரும்பி வந்து ராணியைக் கொடுத்தார்.’ ‘இந்தக் குதிரைக்கு என் மாமனார் புத்தி.’

என் தளத்திலும் ஒரு நகல் வைக்கவா என்று கேட்டேன்.

“வச்சுக்க மாப்ள. ஊருக்குத்தானே போட்ருக்கேன். ஆனா அப்படியே வை.”

அப்படியே வைக்கவில்லை. ஆட்டம் போதுமே, அரட்டை எதற்கு? ஒரே கட்டளையில் அடைப்புக்குறிகள் எல்லாம் உதிர்ந்தன. கோப்பு பாதியாக இளைத்தது. நகர்த்தல் யாருக்கும் சொந்தமில்லை என்று நியாயமும் கையில் வைத்திருந்தேன். அந்த நியாயம் சரிதான். நான் உதிர்த்தது நகர்த்தலை அல்ல, அவனை.

அவன் பார்த்துவிட்டான்.

“என்ன மாப்ள, ஆள விட்டுட்டுச் சட்டைய மட்டும் தூக்கிட்டுப் போயிருக்க?”

சிரித்தான். “அடுத்த வாரம் மாத்திடுறேன்” என்றேன். எத்தனை அடுத்த வாரங்கள்.

மாரடைப்பில் போனான். அவன் கணினி ஏற்கெனவே ஒருமுறை பழுதாகி, எல்லாம் அழிந்திருந்தது. வருடக் கட்டணம் கட்டித் தளத்தைப் புதுப்பிக்க ஆளில்லாமல் அதுவும் மறைந்தது. மிஞ்சியது என் நகல். என்னிடமிருந்து எடுத்தவர்கள், அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் என்று அந்த ஆட்டங்கள் இப்போது எங்கெங்கோ கிடைக்கின்றன. எங்கேயும் ஊமையாக.

போன மாதம் அவன் மனைவி வந்தாள்.

“அண்ணே, அவுக எழுதுனது உங்ககிட்ட இருக்கும்ல? ஒரு நா நல்ல மழை. குடையோட மன்றத்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஜெயிக்கிற ஆட்டத்த டிரான்னு முடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாக. அத எழுதி வச்சிருக்கேன், போய்ப் படிச்சுக்கன்னாக. எங்க போயிரப் போகுதுன்னு நானும் இருந்துட்டேன்.”

நடந்ததைச் சொன்னேன். திட்டியிருக்கலாம்.

“அந்த ஆட்டமாச்சும் இருக்கா?”

தேடினேன். வெல்லும் நிலையில் அவன் டிரா கொடுத்த ஆட்டங்கள் பதினொன்று இருந்தன. அப்படிப்பட்ட ஆள் அவன். எதில் மழை பெய்தது என்று எந்தக் காயும் சொல்லவில்லை.

“எல்லாத்தையும் காட்டுங்கண்ணே.”

அவளுக்கு ஆடத் தெரியாது. திரையில் காய்கள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவழியில் அவை நின்றுவிடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, “இதுவா?” என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று பதினொரு முறை சொன்னேன்.