செண்பகம் செய்யாத தவறு

செய்தி வந்தபோது நான் துவாக்குடியில் ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலை வாசலில் கேட் பாஸுக்காகக் காத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கைப்பேசியில் மாணிக்கத்தின் பெயர் தெரிந்தது. செண்பகத்தின் கணவர், லால்குடிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்ப்பவர். அவராக என்னை அழைப்பது பொங்கலன்று மட்டும்தான். “ராகவன் சார், செண்பகம் போயிட்டா சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…”  “இதோ வரேன்” என்றேன். ஆனால் உடனே கிளம்பவில்லை. உள்ளே போனேன், கொண்டுவந்த பாகங்களை அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன், அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன், நன்றிகூடச் சொன்னேன். வெளியே வந்த பிறகு ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன் என்பது நினைவுக்கு வரவில்லை. காவலாளிதான் என் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார்.

அரியமங்கலத்தில் நம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குச் செண்பகத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் பேட்டையின் இந்த மலரை வெளியார் யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் கூட்டாளிகள். அதற்கு முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் ஃபிட்டிங் பிரிவில், நான் அளவு சரிபார்க்கும் பிரிவில். கம்பெனி மூடியபோது இருவருக்கும் முப்பத்தைந்து வயது. நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் கோயில், பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று போனவர்கள். எண்ணெய்க் கையோடு வீடு திரும்பிய முதல் ஆள் நான்தான். அவர் வீட்டில் டிராக்டரைத் தவிர வேறு மெஷின் கிடையாது. “ரெண்டு பேருக்கும் வேற வேலை தெரியாது சார். சேந்து ஏதாவது பண்ணலாம்” என்று அவர்தான் முதலில் சொன்னார்.

சேர்ந்து நாங்கள் வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய மில்லிங் மெஷின். மூடிப்போன பட்டறை ஒன்றில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் அதன் பெயிண்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிட்டு, மேசையை நகர்த்தும் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கைப்பிடி சிறிது தூரம் சும்மா சுற்றியது. அதற்குப் பிறகே மேசை நகர்ந்தது. விற்க வந்த தரகர், “உள்ள நட்டு தேஞ்சிருக்கும்மா. அத மாத்துனா சரியாயிடும்” என்றார்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மில்லிங் மெஷினின் மேசையை நகர்த்துவது ஒரு நீளமான ஸ்க்ரூ. அது மேசைக்கு அடியில் ஒரு வெண்கல நட்டுக்குள் ஓடும். ஸ்க்ரூ சுழல வேண்டும், முன்னும் பின்னும் அசையக் கூடாது. அப்படி அசையாமல் அதைப் பிடித்திருப்பது முனையில் இருக்கும் ஒரு ஜோடி பேரிங். அவற்றை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு லாக் நட்டு இருக்கும்.

செண்பகம் ஸ்க்ரூவின் முனையில், நூலளவு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தார். “சார், மேசையப் பிடிச்சுத் தள்ளுங்க. இப்ப இழுங்க.” முள் முன்னும் பின்னும் ஆடியது. “பாத்தீங்களா? ஸ்க்ரூவே போயிட்டு வருது. நட்டு மேல பழி போடாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. பேரிங்தான் லூசு” என்று தரகரைப் பார்த்துச் சிரித்தார். மெஷினை எடுத்துக்கொண்டோம்.

பேரிங்கைச் சரிசெய்ய அவர் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். லாக் நட்டை நூலளவு இறுக்குவார். கைப்பிடியை இரண்டு விரலால் சுற்றுவார். அப்போது கண் மெஷினில் இருக்காது, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு டயல் கேஜ். மறுபடியும் கொஞ்சம் தளர்த்துவார். “முள்ளு அசையாத மாதிரி இறுக்கிடுங்களேன்” என்றேன் பொறுமையில்லாமல். “இறுக்குனா ஆட்டம் போயிடும் சார். கூடவே பேரிங்கும் போயிடும்” என்றார். அன்று சாயங்காலம் அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தபோது அது ஒரே சீராக, எங்கும் பிடிக்காமல், எங்கும் சும்மா சுற்றாமல் திரும்பியது.

பேட்டையில் பெயர் பரவ ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழைய மெஷின் வாங்கியவர்கள் எல்லாம் செண்பகத்தைத் தேடி வந்தார்கள். பக்கத்துப் பட்டறை இப்ராஹிம் பாய், “அந்தம்மா கை வெச்சா மெஷினுக்கு வயசு குறையுது” என்பார். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒருவர், “பொம்பள கைக்கு இவ்வளவு நிதானமா?” என்று வியந்தார். செண்பகம் தலையை நிமிர்த்தாமலே, “மெஷினுக்கு அது தெரியாதுங்க” என்றார். பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுகிறவர், பட்டறையில் யாரிடமும் குரல் உயர்த்திப் பார்த்ததில்லை.

இனி சொல்லப்போவதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பட்டறை தொடங்கி ஏழாவது வருடம். அந்த மெஷினின் பேரிங்குகள் தேய்ந்துபோக, செண்பகம் புது ஜோடி வாங்கிப் போட்டு, வழக்கம்போல ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். அடுத்த வாரம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் போனார். அந்தச் சமயத்தில் உறையூரிலிருந்து ஒருவர் பன்னிரண்டு வார்ப்புகளைக் கொண்டுவந்தார். பழைய பம்பு ஒன்றின் பாகங்கள். வார்க்கும் அச்சு உடைந்துவிட்டதால் இன்னொன்று கிடைக்காது. முதல் வார்ப்பை நான் ஓட்டியபோது வெட்டிய பரப்பில் மெல்லிய வரிகள் விழுந்தன. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் துளி அசைந்தது. செண்பகம் வேண்டுமென்றே விட்டுவைத்த துளி அது. எனக்குத் தெரியும், தெரிந்தும் லாக் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கால் சுற்று இறுக்கினேன். முள் நின்றுவிட்டது. பரப்பு பளபளவென்று வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் கைப்பிடி கனத்தது. கிரீஸ் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செண்பகம் திரும்பி வந்த அன்று மதியம், அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பேரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டது. கிறீச்சென்று ஒரு சத்தம். மேசை உதறி நின்றது. கட்டர் வார்ப்புக்குள் ஆழமாக இறங்கி உடைந்தது. பத்தாவது வார்ப்பு பாழ்.

உறையூர்க்காரர் வந்தார். திட்டவில்லை, பாழான வார்ப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். செண்பகம் அவர் எதிரில் நேராக நின்று சொன்னார்: “பேரிங் செட்டிங் நான் பண்ணதுங்க. கூட இறுக்கியிருக்கேன். தப்பு என் கைலதான்.” நான் அவருக்கு ஓரடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. முதலில் பயம், அப்புறம் சொல்லலாம் என்று ஒரு சமாதானம். ஒரு வாரம் கழித்துச் சொல்வது இன்னும் கடினம், ஒரு மாதம் கழித்து அதைவிட.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் நினைக்க முடிவதில்லை. செண்பகம் தன் கையைச் சந்தேகிக்கத் தொடங்கினார். ஒருமுறை வைத்த அளவை நான்கு முறை வைத்துப் பார்த்தார். கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருந்தது. இப்ராஹிம் பாய் தன் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டபோது, “வேற யாரையாவது பாருங்க பாய். எனக்கு முன்ன மாதிரி வர்றதில்ல” என்று அனுப்பிவிட்டார். வேலைக்கு நடுவே விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வார். நான் எதிர் மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மாதம். ஒரு சனிக்கிழமை, “சார், செட்டிங் வேலைக்கு ஒரு ஃபிட்டரப் போட்டுக்கலாம். எனக்குக் கைல உணர்ச்சி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவி வைதேகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, “நாளைக்கே போய்ச் சொல்லிடுங்கோ. போன்ல வேண்டாம், நேர்ல போங்கோ. அவா என்ன சொன்னாலும் கேட்டுண்டு வாங்கோ” என்றாள்.

மறுநாள் லால்குடி போனேன். செண்பகம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாணிக்கம் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். கீரையில் இருந்த அவர் கை நின்றது.

“எவ்வளவு திருப்புனீங்க?”

“கால் சுத்து.”

“கால் சுத்தா!” என்றார். அந்த ஒரு கணம் மெக்கானிக்காக மட்டும் அதிர்ந்தார். அப்புறம்தான் மற்றது அவருக்கு எட்டியது. எழுந்து நின்றார். “வார்ப்பு போனது போகட்டும் சார். பத்து மாசமா என் கைய நானே நம்பல. தூக்கமில்ல. பாய் கூப்பிட்டப்ப மாட்டேன்னுட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. இதுக்கு என்ன பண்ணுவீங்க?”

 “மன்னிச்சிடுங்க” என்றேன். “போயிட்டு வாங்க சார்” என்றார். மாணிக்கம் தெருமுனை வரை கூட வந்தார். 

நான்கு நாள் செண்பகம் வேலைக்கு வரவில்லை. கூட்டு முடிந்தது என்றே நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், எங்கள் பட்டறையைத் தாண்டி நேராக இப்ராஹிம் பாய் பட்டறைக்குப் போனார். வளையல்களைக் கழற்றினார். பாயின் மெஷினில் லாக் நட்டைத் தளர்த்தி, இறுக்கி, சுவரைப் பார்த்தபடி கைப்பிடியைச் சுற்றி, மத்தியானம்வரை அங்கேயே இருந்தார். பிறகு பாய் தன் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, அப்படியே இருக்கு” என்று சத்தமாகச் சொன்னது எங்கள் பட்டறைவரை கேட்டது. அதற்குப் பிறகே செண்பகம் எங்கள் பக்கம் வந்தார். முகம் கழுவியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“உறையூர்க்காரருக்கு போன் போடுங்க. நீங்கதான் பேசணும்” என்றார். பேசினேன். மறுமுனையில் அவர், “அன்னிக்கு அவங்க பக்கத்துல நின்னீங்களே சார், அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார். பிறகும் எங்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும், “செட்டிங் அந்தம்மாதானே?” என்று கேட்காமல் விட்டதில்லை.

அதன் பிறகு பதினோரு வருடம் சேர்ந்து உழைத்தோம். வீட்டு விசேஷங்களுக்குப் போய்வந்தோம். என் மகள் கல்யாணத்தில் செண்பகம் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, வைதேகியோடு ஓடியாடினார். ஆனால் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு லால்குடியில் பேட்டையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தீர்கள். பந்தலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “எப்பேர்ப்பட்ட கை சார்! அவங்களே ஒரு தடவ செட்டிங்ல கோட்ட விட்டு ஒரு வார்ப்பு போச்சு. மனுஷங்கதானே.”  உண்மையை உறையூர்க்காரருக்குச் சொன்னேன், இப்ராஹிம் பாய்க்குச் செண்பகமே சொல்லியிருந்தார். பேட்டையில் மற்ற யாருக்கும் நான் சொல்லவே இல்லை. அவர் ஒரு போன் போடச் சொன்னார். அதோடு கணக்கு தீர்ந்தது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அந்த நண்பருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாடையைத் தூக்க எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த வார்ப்பைக் கெடுத்தவன் நான். செண்பகம் வைத்த செட்டிங் சரியாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவர் வைத்த எந்த பேரிங்கும் அவர் கையால் கெட்டதில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாணிக்கத்திடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த நாலு நாளும் வயல்ல என்னோட நின்னா சார். ஒரு நாள்கூட உங்களத் திட்டல. நாத்து பறிச்சுக்கிட்டே இருந்தா” என்றார்.

செண்பகத்தின் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. இனி வரவும் வராது. எனக்கென்று மிஞ்சியிருப்பது, அன்று வாசலில் எழுந்து நின்று ‘இதுக்கு என்ன பண்ணுவீங்க’ என்று கேட்ட அவருடைய கோபம். மன்னிப்பு என்று ஒன்று தந்திருந்தால் அதை எப்போதோ செலவழித்திருப்பேன். கோபம் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் என் கையால் ஏதாவது கெட்டால், வாடிக்கையாளர் வாசலுக்கு வருமுன் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.